காய்ச்சும் நாளில் வைக்கும் அளவு

அமெரிக்காவில் மதுவிலக்கு 1933இல் நீங்கியபோது வீட்டில் வைன் செய்துகொள்ளச் சட்டம் இடம் கொடுத்தது; பீருக்குக் கொடுக்கவில்லை. அந்தக் குறை தீர 45 ஆண்டுகள் ஆயின. 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தின்படி, வயது வந்தவர் ஒருவர் மட்டும் இருக்கும் வீட்டில் ஆண்டுக்கு 100 கேலன், இருவரோ கூடுதலாகவோ இருந்தால் 200 கேலன் வரை வரியில்லாமல் பீர் காய்ச்சிக்கொள்ளலாம். விற்கக் கூடாது. இங்கிலாந்தில் 1963இலேயே உரிமக் கட்டுப்பாடு போய்விட்டது. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி இது குற்றம் என்பதால், இங்கே பேசப்போவது மேற்கத்திய வீடுகளின் சமையலறைகளிலும் கார் ஷெட்டுகளிலும் நடக்கும் காரியத்தைப் பற்றி. அந்த வீடுகளில் இப்போது ஒரு சங்கடம் புகுந்திருக்கிறது. மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988இலேயே வகைப்படுத்தியது. பாதுகாப்பான அளவு என்று மதுவில் எதுவும் இல்லை என 2023இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. 2025 ஜனவரியில் அமெரிக்காவின் சர்ஜன் ஜெனரலாக இருந்த விவேக் மூர்த்தியும் மதுவையும் புற்றுநோயையும் இணைத்து எச்சரிக்கை வெளியிட்டார். குடியைக் குறைக்க நினைக்கிறவர் கடைக்குப் போவதை நிறுத்திக்கொள்ளலாம். தானே காய்ச்சுகிறவர் எதை நிறுத்துவது?

இதை உடல்நலக் கேள்வியாக மட்டும் எடுத்துக்கொண்டால் பதில் சுலபம்: குறைவாகக் குடி, முடிந்தால் குடிக்காமலே இரு. ஆனால் காய்ச்சுகிறவருக்கு அதில் இன்னொன்று பின்னிக்கிடக்கிறது. அவர் ஒன்றை உருவாக்குகிறார். எந்தப் பார்லி எப்படி வறுபட்டால் என்ன நிறம் தரும், தண்ணீரின் உப்புகள் கசப்பை எப்படி மாற்றும், ஈஸ்ட் எந்தச் சூட்டில் பழ வாசனை விடும் என்று வருடக்கணக்கில் கற்றிருக்கிறார். அந்த அறிவும் பொறுமையும் எந்தக் கைத்தொழிலிலும் மதிக்கத்தக்கவை. அவை தம்மளவில் நிற்கக்கூடியவையா, அல்லது ஓர் ஆசைமீது போர்த்திய நல்ல துணி மட்டும்தானா? செயலை வைத்துக்கொண்டு பலனின்மேல் உள்ள பிடியை விடு என்று கீதை எல்லோருக்கும் பொதுவாகச் சொல்கிறது. அந்த உபதேசத்தை 19 லிட்டர் பாத்திரத்தின் முன் நிற்கிறவர் சொல்லுக்குச் சொல் சந்திக்கிறார். ஏனென்றால் அவர் செயலின் பலன் குடிப்பதற்கென்றே ஆன ஒரு பொருள். விட முடியும் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அதற்கான அளவை மாலையில் கோப்பையை எடுக்கும்போது வைக்க முடியாது. காய்ச்சும் நாளிலேயே வைத்துவிட வேண்டும்.

அந்த நாளைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். நாலரைக் கிலோ மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லி, ஒன்றிரண்டாக உடைபட்டு 66 டிகிரி சூட்டுத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறுகிறது. தானியத்திலேயே இருக்கும் என்சைம்கள் அதன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகின்றன. அந்த இனிப்புச் சாற்றை வடித்து, ஹாப்ஸ் பூக்களைப் போட்டு இன்னொரு மணி நேரம் கொதிக்கவிட்டு, 20 டிகிரிக்கு விரைவாக ஆறவைத்து, ஈஸ்ட் சேர்த்து மூடுகிறார்கள். மறுநாள், உள்ளிருக்கும் வாயுவை மட்டும் வெளியேற விடும் ஏர்லாக்கில் குமிழிகள் ஏறும். சாற்றின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டால் முதல் நாள் 1.050 காட்டியது, இரண்டு வாரத்தில் 1.012க்கு இறங்கியிருக்கும், இறங்கிய அளவை 131ஆல் பெருக்கினால் ஆல்கஹால் 5 சதவீதம். வழக்கமான ஒரு காய்ச்சல் 5 கேலன், அதாவது 19 லிட்டர். அதில் தூய ஆல்கஹால் மட்டும் 950 மில்லிலிட்டர். பிரிட்டனின் தலைமை மருத்துவ அதிகாரிகள் 2016இல் வகுத்த வரம்பு, ஆணானாலும் பெண்ணானாலும் வாரத்துக்கு 14 யூனிட். ஒரு யூனிட் என்பது 10 மில்லிலிட்டர் தூய ஆல்கஹால். ஆக ஒரே காய்ச்சலில் 95 யூனிட். வரம்பு தாண்டாத ஒருவர், வேறெந்த மதுவையும் தொடாமல் இதை மட்டும் குடித்துத் தீர்க்க ஏறக்குறைய ஏழு வாரம் பிடிக்கும். ஆனால் இந்த வேலையில் ஊறியவர்கள் மாதம் இரண்டு முறைகூடக் காய்ச்சுவார்கள். அமெரிக்கச் சட்டம் ஒருவருக்கு அனுமதிக்கும் 100 கேலனை ஒருவரே குடித்தால், அது பிரிட்டிஷ் வரம்பைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல்.

இந்தக் கணக்கில் மன உறுதிக்கு எங்கே இடம்? ஈஸ்ட் யாருடைய தாகத்தையும் கேட்டுக்கொண்டு வேலை செய்வதில்லை. இருக்கிற சர்க்கரையைத் தின்று முடிக்கும் வரை ஓயாது. அதன்பின் வீட்டில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பாட்டில்கள் இருக்கின்றன. ஹாப்ஸின் வாசனை சில வாரங்களில் மங்கிவிடும் என்பதால் ஐபிஏ போன்ற ஹாப்ஸ் மிகுந்த வகைகளைச் சீக்கிரம் முடிக்கச் சொல்லிப் பீரே அவசரப்படுத்துகிறது. பாட்டிலுக்குப் பதில் கெக் என்னும் உலோகப் பீப்பாய் வைத்துக் குழாய் பொருத்தியவருக்கு, எண்ணிப் பார்க்க ஒரு காலி பாட்டில்கூட மிஞ்சுவதில்லை. அடுத்த காய்ச்சலுக்குப் பாத்திரமும் காலியாக வேண்டும். எவ்வளவு குடிப்பது என்ற கேள்வி மாலையில் எழும்போது, மால்ட்டின் எடையும் பாத்திரத்தின் கொள்ளளவும் அதற்குப் பெரும்பகுதி பதில் சொல்லி முடித்திருக்கின்றன.

அளவை முன்கூட்டியே வைக்க வேண்டும் என்பதைத் துறவிகள் நன்றாக அறிந்திருந்தார்கள். ஆறாம் நூற்றாண்டு இத்தாலியில் புனித பெனடிக்ட் எழுதிய மடத்து ஒழுங்கில் 40ஆம் அதிகாரம் குடிப்பதன் அளவைப் பற்றியது. மது துறவிகளுக்கு ஆகவே ஆகாது என்ற பழைய போதனையை அவர் நினைவுகூர்கிறார். தம் காலத்துத் துறவிகளை அதற்கு இணங்கவைக்க முடியாது என்று ஒப்புக்கொள்கிறார். திகட்டத் திகட்டக் குடிக்காமலாவது இருக்கலாம் என்ற இடத்துக்கு வருகிறார். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு ஹெமினா வைன். வெயிலோ வேலையோ அதிகம் கேட்டால் மடத்தலைவர் முடிவு செய்வார். அந்த அளவுகூடக் கிடைக்காத ஊரில் இருப்பவர்கள் முணுமுணுக்கக் கூடாது. ஹெமினா இன்றைய அளவில் எவ்வளவு என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. தாகமெடுத்த ஆளின் கையில் தீர்ப்பு இல்லை என்பதே பெரிதாகப் படுகிறது. தெளிந்த வேளையில், பிறரும் அறிய வைத்த அளவு அது. அரிஸ்டாட்டிலும் தம் அறவியல் நூலில் இரண்டு வகையினரைப் பிரித்துக் காட்டுகிறார்: மிகையான ஆசை எழுந்தும் அதை அடக்கி வெல்கிறவர் ஒருவர்; மிகையை விரும்பாதபடியே குணம் பழகிவிட்டவர் இன்னொருவர். உயர்ந்தவர் இரண்டாமவர்தான். நிறைந்த கெக்கை வீட்டில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மாலையும் அடக்கிப் பார்க்கிறவர் முதல் வகையிலேயே தங்கிவிடுகிறார். தோற்கும் நாளும் அவருக்கு வரத்தான் செய்யும். அந்தப் போராட்டத்துக்கான சந்தர்ப்பத்தையே சிறிதாக்கிக்கொள்வதைக் கோழைத்தனம் என்று சிலர் நினைக்கக்கூடும். குணம் பழகுவதற்கு வேண்டிய இடத்தை ஒழித்துக்கொடுப்பது என்றே நான் அதைச் சொல்வேன்.

இங்கே முதல் மறுப்பு வரும். "எனக்குப் பிடித்தது காய்ச்சுவதுதான், குடிப்பது அதோடு வருவது" என்று பலரும் உண்மையாகவே சொல்கிறார்கள். அதைப் பொய் என்று தள்ளக் கூடாது, சோதித்துப் பார்க்கலாம். நான்கு லிட்டர் காய்ச்சினாலும் 19 லிட்டர் காய்ச்சினாலும் உழைப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான்: அதே ஊறல், அதே கொதி, அதே கழுவல், அதே ஐந்து மணி நேரம். பத்துப் பாட்டிலுக்காக இவ்வளவு பாடா என்பதே பெரிய பாத்திரத்துக்குச் சொல்லப்படும் வழக்கமான காரணம். ஆனால் இன்பம் செய்வதில்தான் என்றால் சிறிய பாத்திரம் எதையும் பறித்துவிடவில்லை. ஐந்து மணி நேரமும் முழுசாக அப்படியே இருக்கிறது. உழைப்பைப் பாட்டில் கணக்கில் அளக்கத் தொடங்கிய மனம், தான் எதன்மேல் பற்று வைத்திருக்கிறது என்பதைத் தானே காட்டிவிடுகிறது. அதனால் அவர் பொய்யர் என்றாகாது. இரண்டு பற்றுகளும் கலந்துகிடக்கின்றன, அவ்வளவுதான். அளவைச் சிறிதாக்கும்போது அவை பிரிந்து தெரிகின்றன.

வலிமையைக் குறைத்துப் பார்த்தாலும் இதே சோதனைதான், இன்னும் கூர்மையாக. இங்கிலாந்தின் மைல்ட் வகைப் பீர் 3 சதவீதத்தை ஒட்டி நிற்கும். அதில் குறையை மறைக்க ஆல்கஹாலின் சூடும் கிடையாது, ஹாப்ஸின் ஆர்ப்பாட்டமும் கிடையாது. மால்ட்டைத் தேர்ந்ததிலும் ஈஸ்ட்டை நடத்தியதிலும் நேர்ந்த ஒவ்வொரு பிசகும் நாக்கில் தெரியும். ஒரே தானியத்திலிருந்து முதல் சாற்றை வலிய பீருக்கும், மறுபடி தண்ணீர் விட்டு எடுத்த இரண்டாம் சாற்றை மெலிந்த பீருக்கும் பயன்படுத்துவது அங்கே பழைய வழக்கம். அரை சதவீதத்துக்கு இறங்கினால் வேலை இன்னும் கடினம். ஊறல் சூட்டை 70 டிகிரிக்கு மேல் கொண்டுபோய், ஈஸ்ட்டால் தின்ன முடியாத சர்க்கரைகள் மிஞ்சும்படி செய்ய வேண்டும். மால்ட்டின் முக்கியச் சர்க்கரையான மால்டோஸைத் தொடாத ஈஸ்ட் வகைகளைத் தேட வேண்டும். கிருமியைத் தடுக்க ஆல்கஹால் துணை இல்லாததால் புளிப்பை பிஹெச் 4.6க்குக் கீழே இறக்கி, பாட்டில்களைச் சூடேற்றிப் பதப்படுத்தவும் வேண்டும். கைவினையை மெய்யாகவே நேசிப்பவருக்குக் குடியைக் குறைப்பதில் வித்தை சுருங்காது, பெருகும். நாற்பது ஆண்டுகளாக வலிமையும் கசப்பும் கூடக் கூடத்தான் திறமை என்று எண்ணப் பழகிய ஒரு பொழுதுபோக்குக்கு இது புதிய பாடமாகவே இருக்கும்.

சுவைத்துப் பார்க்காமல் எப்படி என்று கேட்பார்கள். சுவைத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் பீர் போட்டிகளில் நடுவர்கள் ஒவ்வொரு மாதிரியிலும் சில வாய் மட்டுமே குடித்து, வாசனை, நிறம், நுரை, கசப்பு என்று பக்கம் நிறைய எழுதுகிறார்கள். நாக்கு அறிய வேண்டியது முதல் சில மிடறுகளில் முடிந்துவிடுகிறது. மூன்றாவது கோப்பை எந்த அறிவையும் கூட்டுவதில்லை. விஷயங்களை விலக்கியவனிடமும் அவற்றின் மீதான சுவை தங்கிவிடுகிறது என்று கீதையின் இரண்டாம் அத்தியாயம் சொல்வது இந்த இடத்தில் முக்கியம். காய்ச்சுகிறவர் தம் சுவையை அழிக்க முடியாது, அது அவருடைய கருவி. ஆனால் அறியும் சுவை எங்கே நிற்கிறது, வேண்டும் வேண்டும் என்னும் சுவை எங்கே தொடங்குகிறது என்று மற்றவர்களைவிடத் துல்லியமாகச் சொல்ல முடிந்தவர் அவர்தான்.

ரசனை தெரிந்தவன் குடிகாரன் ஆகமாட்டான் என்ற நம்பிக்கையையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். பௌத்த விநய நூலில் சாகதர் என்ற பிக்குவின் கதை வருகிறது. தவ வலிமையால் கொடிய நாகத்தை அடக்கியவர் அவர். அந்தப் புகழால் கோசாம்பி நகரத்தார் வீட்டுக்கு வீடு அவருக்கு மது கொடுத்தார்கள். அவர் நகர வாசலில் விழுந்துகிடந்தார். மடத்துக்குத் தூக்கி வந்து கிடத்தியபோது புரண்டு புத்தரை நோக்கியே காலை நீட்டிக்கொண்டார். இப்போது இவரால் ஒரு தண்ணீர்ப் பாம்பையாவது அடக்க முடியுமா என்று புத்தர் பிக்குகளைக் கேட்டார். அதன்பின் அவர்களுக்கு மதுவை விலக்கி விதி செய்தார். விழுந்தவர் கூட்டத்திலேயே வல்லவர் என்பதுதான் கதையின் கூர். தேர்ச்சி எதுவானாலும் அது காவல் ஆகாது.

இரண்டாவது மறுப்பு இன்னும் இதமானது: மிஞ்சியதைப் பிறருக்குக் கொடுத்துவிடலாமே. கொடுப்பது இந்தப் பொழுதுபோக்கின் அழகுகளில் ஒன்று. கிடைத்த கள் கொஞ்சமோ நிறையவோ, அதியமான் அதைப் பகிர்ந்த விதத்தைச் சொல்லித்தான் புறநானூற்றில் ஔவை அவன் மறைவுக்கு அழுகிறாள். ஆனாலும் 95 யூனிட்டை ஐந்து நண்பர்களுக்குப் பங்கிட்டால் மொத்தம் 95 யூனிட்தான். வேறு ஈரல்களுக்குப் போயிருக்கிறது. சமயங்கள் இதைக் கவனிக்காமல் விடவில்லை. மது வணிகத்தை இல்லறத்தாரும் செய்யக் கூடாத ஐந்து வணிகங்களில் ஒன்றாகப் புத்தர் வைத்தார். திர்மிதியின் நபிமொழித் தொகுப்பில் மதுவின் பொருட்டுச் சபிக்கப்படும் பத்துப் பேரில் குடிப்பவர் ஒருவர்தான். பிழிபவர், சுமப்பவர், பரிமாறுபவர், விற்பவர் எல்லோரும் உடன் இருக்கிறார்கள். பெல்ஜியத்தின் வெஸ்ட்மாலே மடத்துத் துறவிகள் நெடுங்காலம் தங்கள் சாப்பாட்டு மேசைக்கென்று 4.8 சதவீதப் பீரையும், வெளியே விற்க 9.5 சதவீத டிரிப்பெலையும் காய்ச்சிவந்தார்கள். அவர்களை மதிக்கிறேன். ஆனால் தனக்கு ஒரு வலிமை, பிறருக்கு இன்னொரு வலிமை என்பது என்னைத் தொந்தரவு செய்கிறது. வீட்டில் காய்ச்சுகிறவர் கொடுக்கலாம். தன் மேசைக்கு எதைச் சரி என்று வைத்தாரோ அதையே, அந்த அளவிலேயே கொடுக்கட்டும். வாங்குகிறவர்களில் குடியை விட்டுவிடப் போராடுகிறவர் எவரும் உண்டா என்று கேட்டுக்கொண்டு கொடுக்கட்டும். சொந்தக் கையால் செய்ததைத் தரும்போது வேண்டாம் என்று சொல்ல எதிரில் இருப்பவருக்கு மிகவும் கஷ்டம்.

மூன்றாவது மறுப்பே கனமானது. இவ்வளவு தெரிந்த பிறகு எதற்கு அளவு? முற்றிலும் விட்டுவிட வேண்டியதுதானே? வள்ளுவர் இந்தப் பக்கம்தான் நிற்கிறார். புலால் மறுத்தலைத் துறவறத்தில் வைத்தவர், கள்ளுண்ணாமையை அங்கே வைக்கவில்லை. பொருட்பாலில், சூதுக்கு முந்தைய அதிகாரமாக வைத்தார். துறவிக்கு மட்டுமான விரதமாக அதை அவர் கருதவில்லை. நாட்டில் வாழும் எல்லோருடைய பெயரையும் பொருளையும் தின்னும் கேடுகளின் வரிசையில் சேர்த்தார். கொஞ்சமாகக் குடிக்கலாம் என்ற பேச்சே அந்த அதிகாரத்தில் கிடையாது. என் வாதத்தைக் காப்பாற்றிக்கொள்ள அவரை வளைக்க மாட்டேன். முற்றிலும் விடுவது அளவாகக் குடிப்பதைவிடத் தெளிவான வழி. உடலுக்கும் அதுவே பத்திரம். குடிக்கு அடிமையாகிவிட்டவருக்கு இந்தக் கட்டுரையின் வாதம் எதுவும் செல்லாது. அவர் பாத்திரத்தையே வீட்டிலிருந்து அப்புறப்படுத்த வேண்டும். நாள்தோறும் நிறையக் குடித்துப் பழகியவர் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பும் பிரமையும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால் மருத்துவரின் துணையோடுதான் நிறுத்த வேண்டும்.

அப்படியானால் அளவு என்பது எவருக்கும் பொருந்தாத சமாளிப்பா? தாமஸ் அக்வினாஸ் இதைப் பொறுமையாகப் பிரித்துப் பார்த்தார். வைன் குடிப்பது தன்னளவில் பாவமில்லை. குடிப்பவருக்கு அது எளிதில் தீங்கு செய்யுமானால், விடுவதாக நேர்ந்துகொண்டிருந்தால், அளவு மீறினால், பார்ப்பவர்களுக்கு இடறலாக அமைந்தால் பாவமாகிறது என்றார். ஒரே கோப்பை இருவர் கையில் இரு வேறு செயல்களாகிவிடுகிறது. இதன்படி அளவு என்பது மில்லிலிட்டர் மட்டுமாக இராது. நான் யார், என்ன வாக்குக் கொடுத்திருக்கிறேன், என் மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற எல்லாம் அதில் அடங்கும். இவ்வளவையும் கேட்டுப் பதில் சொல்லி, ஆண்டுக்கு நாலைந்து சிறு காய்ச்சல்களோடு நின்றுகொள்கிறவரிடம் நீ ஏமாற்றுகிறாய் என்று சொல்ல எனக்கு வாய் வராது. மாலையில் நாவடக்கம் பேசிக்கொண்டு மாதாமாதம் 19 லிட்டர் காய்ச்சுகிறவரிடம் சொல்வேன்.

நடைமுறையில் கடைசியாக வந்து வழிமறிப்பது ஒரு நல்ல குணம்: உணவை வீணாக்கக் கூடாது என்பது. குறைக்க முடிவெடுத்த நாளில் முப்பது பாட்டில் மிச்சமிருக்கிறது. தானியமும் தண்ணீரும் தன் உழைப்பும் அதில் இருக்கின்றன. சாக்கடையில் கொட்ட மனம் வருவதில்லை. அந்தத் தயக்கத்தை மதிக்கிறேன். ஆனால் தேவையில்லாத மதுவை உடம்புக்குள் ஊற்றினால் அது வீணாகாமல் போய்விடுவதில்லை. வீணாவதோடு தீங்கும் செய்கிறது. நஷ்டம் அதிகமாகக் காய்ச்சிய அன்றே நடந்துவிட்டது. ஹாப்ஸ் குறைவாகப் போட்ட பீரானால் தாய் வினிகர் என்னும் பாக்டீரியாப் படலத்தைச் சேர்த்து, வாயைத் துணியால் கட்டிக் காற்றுப்படும்படி சில மாதம் விட்டு வைக்கலாம். ஆல்கஹால் முழுதும் புளித்து நல்ல மால்ட் வினிகராகிவிடும். கசப்பு மிகுந்த பீர் அதற்கும் ஆகாது. அதைக் கொட்டிவிட்டுப் பாட்டில்களைக் கழுவிக் கவிழ்த்துவிடுவதில் எந்தப் பாவமும் இல்லை.